கேள்விப்பட்டிருக்கிறேன்

"நேரில் செய்ததில்லை, கேள்விப்பட்டிருக்கிறேன்."

இன்டர்வியூவில் நான் சொன்ன பதில் இது. வேலை கிடைத்து எட்டு மாதம் ஆகிவிட்டது. மற்றக் கேள்விகளுக்கு என்ன சொன்னேன் என்பதெல்லாம் மறந்துவிட்டது, இது மட்டும் மனதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

கேள்வி சாதாரணமானதுதான், சம்பளக் கணக்குப் போடும் பேரோல் பற்றியது. "பழைய பேரோல் சாஃப்ட்வேர்ல இருந்து புதுசுக்கு மாறப் போறோம் சார். அந்த மாதிரி மாற்றம் எதையாவது நீங்க செஞ்சிருக்கீங்களா?" கேட்டவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கனிவாகத்தான் கேட்டார். 1999 என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவர் கையில் என் ரெஸ்யூம் இருந்தது. அதில் என் வேலை வாழ்க்கை பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால்தான் தொடங்குகிறது.

என் மகள் வெட்டிக் கொடுத்த ரெஸ்யூம் அது. "கடைசிப் பன்னிரண்டு வருஷம் போதும்ப்பா. காலேஜ் முடிச்ச வருஷத்தையும் எடுத்துடலாம்" என்றாள். எனக்கு வயது 54. முழு ரெஸ்யூமைப் பத்தொன்பது இடங்களுக்கு அனுப்பி, ஒரே ஒரு பதில் வந்தது. என் அனுபவத்துக்கு அந்த வேலை சிறியதாம். வெட்டிய பிறகு ஏழு இடங்களுக்கு அனுப்பினேன், மூன்று பேர் கூப்பிட்டார்கள். அதே ஆள்தான், அதே கைதான். இதில் தப்பு இருப்பதாக நான் நினைக்கவில்லை. எல்லா வருடத்தையும் எழுதியாக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. என் வயதுக்காரர்கள் யோசனை கேட்டால் இப்போதும் வெட்டத்தான் சொல்கிறேன்.

கேட்காததைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகாது. ஆனால் அவர் கேட்டாரே. அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

1999-இல் நாங்கள் செய்த வேலை அப்படி ஒன்றும் மறந்துபோகக்கூடியது அல்ல. பழைய புரோகிராமில் வருடத்துக்கு இரண்டே இலக்கம். 99-க்கு அடுத்து 00 வந்தால் மெஷின் அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும். சர்வீஸ் கணக்கு, ஓய்வு பெறும் தேதி எல்லாம் புரண்டுவிடும். அதனால் பேரோலையே புதிய சிஸ்டத்துக்குக் கொண்டுபோனோம். மூன்று மாதம் பேரலல் ரன். பழையதிலும் சம்பளம் போடுவோம், புதியதிலும் போடுவோம். இரண்டு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்ட்அவுட்டையும் அருகருகே விரித்து, ஸ்கேலை வரிவரியாக இறக்கி, வித்தியாசம் வந்த இடத்தைச் சிவப்புப் பென்சிலால் சுழிப்போம். ஓரத்தில் ஓட்டை போட்ட காகிதப் பட்டைகள் காலடியில் குவிந்துகிடக்கும்.

என்னோடு உட்கார்ந்தவர் என்னைவிட மிகவும் மூத்தவர். முதல் மாதம் எல்லாம் சரியாக வந்தது. இது போதும் என்றேன். "அரியர் வர்ற மாசம் வரைக்கும் பொறு தம்பி" என்றார். அடுத்த மாதம் அரியர், அதாவது முந்தைய மாதங்களுக்கான சம்பள பாக்கி, வந்தது. பழைய சிஸ்டம் ஒவ்வொரு மாதத்து அரியரையும் தனித்தனியாக ரவுண்டு செய்துவிட்டுக் கூட்டியது. புதியது முதலில் கூட்டிவிட்டுக் கடைசியில் ரவுண்டு செய்தது. ஆளுக்குச் சில்லறைதான் வித்தியாசம், ஆனால் மொத்தத் தொகை லெட்ஜரோடு ஒட்டவே இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

கேள்விப்பட்டிருக்கிறேன் என்று சொன்ன நிமிடத்தில் அவரையும் சேர்த்துத்தான் இல்லையென்று சொல்லிவிட்டேன்.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. வேலை தேடிய நாட்களில் சட்டங்களைத் தேடித் தேடிப் படித்தேன். வேலையில் பாகுபாடு கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1958-இல் கொண்டுவந்த உடன்படிக்கையில் இனம், நிறம், பால், மதம் எல்லாம் பெயர் சொல்லி இருக்கின்றன, வயது இல்லை. வயதான தொழிலாளர்களுக்கென்று 1980-இல் தனியாக ஒன்று வந்தது, அதுவும் நாடுகளைக் கட்டுப்படுத்தாத வெறும் பரிந்துரை. அமெரிக்காவில் 40 வயதைக் கடந்தவர்களுக்கு 1967-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் வயது என்ற காரணம் இல்லாவிட்டால் அந்த முடிவே வந்திருக்காது என்பதை வழக்குப் போட்டவர்தான் காட்ட வேண்டும் என்று 2009-இல் அங்கே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதை வைத்துக் காட்டுவது? 'டீமுக்கு ஒத்துவர மாட்டார்' என்பார்கள். வயது என்று எவரும் எழுதித் தர மாட்டார்கள். இதெல்லாம் தெரிந்த ஒருவன் தன் வருடங்களை மறைத்தான் என்றால் அவனை எப்படிக் குறை சொல்வது?

சரி, ஆனால் அந்த அறையில் என்னை யாரும் ஒதுக்கவில்லை. அவர் வயதைக் கேட்கவில்லை, வேலையைத்தான் கேட்டார். 1999 என்று சொல்லியிருந்தால் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப்போட்டு மேலே சொல்லுங்கள் என்றிருப்பாரோ என்னவோ. வேலை கைநழுவிப் போயிருக்கவும் கூடும். எது நடந்திருக்கும் என்று தெரியாமல் போனதற்குக் காரணம் நான்தான். பத்தொன்பது பேர் செய்ததற்கு இந்த ஒருவரிடம் பதில் சொல்லிவிட்டேன் என்று சில இரவுகளில் தோன்றும். காலையில் கிளம்பும்போது, வேலை இருக்கிறதே, அது போதும் என்று தோன்றும்.

போன வாரம் மீட்டிங். அன்று இன்டர்வியூவில் கேட்ட மேடம்தான் எதிரில். பேரோல் மாற்றம் அடுத்த மாதம் தொடங்குகிறது. ஒரு மாதம் பேரலல் ரன் என்று திட்டத்தில் இருந்தது. "ஒரு மாதம் பத்தாது மேடம், அரியர் வரும் மாதத்தையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்" என்றேன். ரவுண்டு செய்யும் விஷயத்தையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"இவ்வளவு துல்லியமாச் சொல்றீங்களே சார், எங்க பார்த்தீங்க?"

அதே கேள்வி, அதே கனிவு. இந்த முறை ரெஸ்யூம் எதுவும் நடுவில் இல்லை. வேலையும் உறுதியாகிவிட்டது.

"எனக்குத் தெரிந்த ஒருவர் செய்தார்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. பேரலல் ரன்னை மூன்று மாதம் என்று திருத்தி எழுதினார். அப்புறம் கேட்டார். "அவரை ஒருநாள் இங்க கூட்டிட்டு வர முடியுமா சார்? டீம்ல யாரும் இதைச் செஞ்சதில்ல. ஒரு மணி நேரம் பேசினாக்கூடப் போதும்."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.