கண் கேட்டவருக்குக் கோல் கொடுத்த சாமி

அம்மாவுக்கு வலது கண் போய் இரண்டு வருடம் ஆகிறது. கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பை அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வலியில்லை, சிவப்பில்லை, அதனால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. போன பார்வை திரும்பாது, இருக்கிற இடது கண்ணைக் காப்பாற்றத்தான் இந்தச் சொட்டு மருந்து என்று டாக்டர் சொன்னார். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

கேட்டுக்கொண்டாளே தவிர, ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளியில் கண்மலர் வாங்கி எங்கள் ஊர் மாரியம்மனுக்குச் சாத்தினாள். ஒரு மண்டலம் ஒருவேளைச் சாப்பாடு. 48ஆம் நாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். கூடத்தில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அன்றிலிருந்து விளக்கேற்றுவது மட்டும் நிற்கவில்லை. வேண்டுதல் நின்றுவிட்டது.

போன மாசம் ஏதோ சொற்பொழிவு கேட்டுவிட்டு வந்து, "கண்ணு கேட்டவருக்குச் சாமி கோல் குடுத்து அனுப்பின கோயில் ஒண்ணு இருக்காமே, போலாமா?" என்றாள். எனக்கு விளங்கவில்லை. கண் கொடுத்த கோயிலுக்குத்தானே எல்லாரும் போவார்கள்? சரி, அவளாகக் கேட்டாளே என்று கிளம்பினோம். திருவள்ளூர் வரை மின்சார ரயில், அங்கிருந்து பூண்டிக்கு பஸ்.

ரயிலில், "கதைய முதல்லேருந்து ஒழுங்கா சொல்லு" என்றாள். சொன்னேன். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க வேண்டுமானால், அவரைப் பிரிய மாட்டேன் என்று, தேவாரம் பாடிய சுந்தரர் சத்தியம் செய்தாக வேண்டும். அவர் மனமோ திருவாரூரில் இருக்கிறது. கோயிலுக்குள் சத்தியம் செய்தால் சாமியே சாட்சியாகிவிடுவார் என்று, "அந்த நேரத்தில் நீங்கள் மகிழமரத்தடியில் போய் இருங்கள்" என்று சிவனிடமே பேசி வைக்கிறார். சிவனோ சங்கிலியாரின் கனவில் வந்து, மகிழடியில் சத்தியம் கேள் என்று சொல்லிவிடுகிறார்.

"நல்லா வேணும்" என்றாள் அம்மா.

வேறு வழியில்லாமல் மகிழடியிலேயே சத்தியம் செய்கிறார். வசந்த விழா வந்ததும் ஆரூர் நினைப்பு பொறுக்காமல் புறப்படுகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் இருண்டுவிடுகின்றன. தடவித் தடவித் திருமுல்லைவாயில் வழியாகத் திருவெண்பாக்கம் வருகிறார். அந்த வெண்பாக்கம்தான் நாங்கள் போன பூண்டி.

பழைய கோயில் இப்போது இல்லை. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே சென்னையின் குடிநீருக்காக அணை கட்டி 1944இல் முடித்தார்கள். சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். கோயில் இருந்த இடம் நீர்ப்பிடிப்புக்குள் போக, சாமியைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். சுந்தரரைப் "போ" என்று சொன்னவரை நாமும் ஒருமுறை போகச் சொல்லிவிட்டோம். எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் இந்த ஏரித் தண்ணீர்தானோ என்னவோ.

பெரிய கோபுரமோ கூட்டமோ கிடையாது. நாங்கள் போனபோது உள்ளே இன்னும் ஒரு குடும்பம்தான். சாமிக்கு ஊன்றீஸ்வரர் என்று பெயர். அம்பாள் மின்னொளி அம்மை. கண் தெரியாதவருக்கு மின்னலாக வழி காட்டினாள் என்கிறார்கள். கண்ணே இல்லாதவருக்கு மின்னல் எப்படித் தெரியும் என்று எனக்குள் ஒரு குறும்புக் கேள்வி எழுந்தது. அம்மா முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

நந்தியிடம் அம்மா அதிக நேரம் நின்றாள். அதற்கு ஒரு கொம்பு ஒடிந்திருக்கிறது. கண் கேட்டவருக்கு ஊன்றுகோல் கொடுத்தால் கோபம் வராதா? சுந்தரர் வீசியெறிந்த கோல் பட்டு ஒடிந்ததாகத் தலபுராணம். அம்மா ஒடிந்த இடத்தைத் தொடாமல், தொடுவதுபோல விரலைக் கொண்டுபோய், "பாவம், நடுவுல இது என்ன பண்ணுச்சு" என்றாள்.

கோல் கொடுத்ததைச் சுந்தரரே தம் பதிகத்தில் சொல்கிறார். "கோயிலுளாயே?" என்று கேட்கிறார். இருக்கிறாயா, இல்லையா? உள்ளிருந்து பதில் வருகிறது: "உளோம் போகீர்." நாம் இருக்கிறோம், நீர் போம். பாட்டுக்குப் பாட்டு இதே முடிவுதான். எனக்கு இந்தப் பதிகம் என்றைக்குமே உறுத்தல். தம்பிரான் தோழர் என்று பெயர் வாங்கியவரிடம் கதவைக்கூடத் திறக்காமல், முன்பின் தெரியாதவரிடம் பேசுகிற மாதிரி மரியாதைப் பன்மை வேறு. அந்த மரியாதைதான் எனக்குச் சுடுகிறது. பிரகாரத்தில் உட்கார்ந்து இதை அம்மாவிடம் சொன்னேன். கேட்டதைத் தராவிட்டாலும் பரவாயில்லை, "போகீர்" என்றா சொல்வது?

அம்மா புடவைத் தலைப்பில் விபூதியை முடிந்துகொண்டே, "இல்லைன்னு சொல்லலியேடா. இருக்கோம்னுதானே முதல்ல சொல்லியிருக்காரு" என்றாள்.

எத்தனையோ முறை படித்திருக்கிறேன். "போகீர்" வந்ததும் முந்தின சொல் என் காதில் நின்றதே இல்லை. 48ஆம் நாள் காலையில் கண்ணாடி முன்னால் அவளுக்கு எந்தச் சொல் கேட்டிருக்கும்? கேட்க வாயெடுத்தேன். அதைக் கேட்டால் அன்று பார்த்ததையும் சொல்ல வேண்டிவரும். கேட்கவில்லை.

வெளியே வந்து ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் நின்றோம். தண்ணீர் பாதிதான் இருந்தது. காற்று பலமாக அடித்ததால் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வலது பக்கம் யாராவது நின்றால் அவளுக்குத் தெரியாது, அதனால் வலது பக்கம் நிற்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது.

"அப்புறம் அவருக்குக் கண்ணு வந்துச்சா இல்லியா?"

வந்தது. ஆனால் ஒரே இடத்தில் இல்லை. அந்தக் கோலை ஊன்றிக்கொண்டு திருவாலங்காட்டை வணங்கி, காஞ்சிபுரம் போகிறார். இங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் இருக்கும். ஏகாம்பரநாதர் கோயிலில் இடது கண். மற்றது திருவாரூரில்தான். ஒரு கண்ணோடுதான் சோழநாடு வரை போகிறார். திருவாரூரில் போய் நின்று பாடுகிற பதிகத்தில் கெஞ்சலைவிட ஏச்சுதான் அதிகம். அடியார்கள் தங்கள் அல்லலைச் சொன்னால் வாளா இருப்பீர், அதாவது வாயே திறக்காமல் இருப்பீர், "வாழ்ந்து போதீரே" என்கிறார். நல்லா இருந்துட்டுப் போங்க என்று நம் வீடுகளில் மனம் நொந்து சொல்வோமே, அதேதான். மற்றக் கண்ணைத் தராவிட்டாலும் நீரே வாழ்ந்து போம் என்று அதே பதிகத்தில் இன்னொரு பாட்டு. பொறுமையாகக் காத்திருப்பதுதான் பக்தி என்று சொல்பவர்களுக்கு இந்தப் பதிகத்தைக் கொடுக்கலாம். திட்டிக்கொண்டேதான் அவர் ஆரூர் வரை வந்திருக்கிறார். திட்டுவதற்கும் அந்த வாசலைத் தவிர வேறு வாசலுக்குப் போகவில்லை.

அம்மா சிரித்தாள். கண்ணாடி முன்னால் நின்ற நாளுக்கப்புறம் சாமி பேச்சில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். திருவள்ளூர் வரை நின்றுகொண்டுதான் வந்தேன். ரயிலில் இடம் கிடைத்ததும் பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்து நீட்டினாள். அண்ணாந்த முகத்தில், ரயில் ஆட்டத்தில் இடது கண்ணுக்குச் சரியாக ஒரு சொட்டு விட்டேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

"காஞ்சிபுரத்துல குடுத்தது எந்தக் கண்ணுன்ன?"

"இடது."

"எனக்குப் போனது வலதாச்சே" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப திருவாரூருக்கு ராத்திரி ரயில் இருக்கான்னு பாரு" என்றாள்.