ராயல் கமிஷனுக்கு ஆன்ட்டி அனுப்பிய குரல்பதிவு

ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கு நேரும் வன்முறை, புறக்கணிப்பு, சுரண்டல் பற்றி விசாரிக்க 2019 ஏப்ரலில் ஒரு ராயல் கமிஷன், அதாவது அரசு நியமிக்கும் உயர்மட்ட விசாரணைக் குழு, அமைத்தார்கள். யார் வேண்டுமானாலும் தங்கள் அனுபவத்தைச் சொல்லலாம். எழுதித்தான் தர வேண்டும் என்றில்லை. பேசிப் பதிவு செய்தும் அனுப்பலாம், எந்த மொழியிலும் சொல்லலாம். 2022 டிசம்பர் கடைசி வரை அவகாசம் இருந்தது.

நான் அப்போது நாட்டின் நடுவே இருக்கிற ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்தில் சப்போர்ட் கோஆர்டினேட்டர். என்.டி.ஐ.எஸ். என்கிற, மாற்றுத்திறனாளிகளுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒருவருக்கு ஒதுக்கும் பணத்தை எந்தச் சேவைக்கு, யாரிடம் செலவழிப்பது என்று பார்த்துக் கொடுக்கிற வேலை. நம் ஆட்கள் நிறையப் பேர் இந்தத் துறையில் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன். எனக்குப் பழக்கமான, வார்ல்பிரி என்கிற பூர்வகுடி இனத்துப் பெண்மணி ஒருவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், தானும் கமிஷனிடம் பேச வேண்டும் என்றார். ஊரில் சின்னவர்கள் எல்லாருக்கும் அவர் ஆன்ட்டி. எனக்கும்.

அவர் ஊர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து பாலைவனத்துக்குள் போகிற தனாமி சாலையில் இருக்கிறது. பூர்வகுடி மக்களின் நிலம் என்பதால், அவர்கள் சார்பில் நில விவகாரங்களைப் பார்க்கிற சென்ட்ரல் லேண்ட் கவுன்சிலிடம் பர்மிட் வாங்கினேன். அது சுலபம். மொழிபெயர்ப்பாளர்தான் யோசிக்க வேண்டிய விஷயம். இந்தப் பகுதியை ஆளும் வடக்குப் பிரதேச (நார்தர்ன் டெரிட்டரி) அரசே பூர்வகுடி மொழிகளுக்கு ஒரு மொழிபெயர்ப்புச் சேவை நடத்துகிறது. ஆனால் மொழி தெரிந்தால் மட்டும் போதாது, உறவுமுறையும் ஒத்துவர வேண்டும். வார்ல்பிரி முறைப்படி மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசக்கூடாது, பக்கத்தில் உட்காரவும் கூடாது. இது சொந்த மருமகனுக்கு மட்டுமல்ல, அந்த முறையில் வருகிற எல்லா ஆண்களுக்கும் பொருந்தும். அதனால் பெயரைச் சொல்லி, "இவர் வந்தால் சரியா?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. ஒரு பெண் மொழிபெயர்ப்பாளர் அமைந்தார்.

குறித்த தேதிக்குக் கொஞ்சம் முன்னால் ஊரில் ஒரு சாவு. துக்கம் முடியும்வரை எந்த அலுவலும் நடக்காது. நகரத்திலிருந்து, பெட்ரோலுக்குக் கணக்கு எழுதுகிறவர்கள், "வேறு யாராவது பேசுவார்களா?" என்று கேட்டார்கள். நம் ஊரில் எழவு வீட்டில் போய் மனுவில் கையெழுத்துக் கேட்போமா? தள்ளிப்போட்டோம்.

ஒரு அமைப்பு எங்களுக்காக ஒரு கேள்வித்தாள் தயாரித்துக் கொடுத்திருந்தது. சேவைக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போடச் சொல்லும் ரகம். ஆன்ட்டி அதை வாங்கி மடித்துத் தன் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வெளியே நிழலில், பெண்கள் மட்டும் உட்கார்ந்தோம். போனில் பதிவை ஓடவிட்டேன்.

முதலில் நாற்காலியைப் பற்றிச் சொன்னார். ஆஸ்பத்திரித் தரைக்கென்று செய்த நாற்காலி அது. முன்னால் இருக்கிற குட்டிச் சக்கரம் செம்மணலில் புதைந்ததும் நாற்காலி நின்றுவிடும், ஆள் முன்பக்கம் சரிவார். அதனால் பேரப்பிள்ளைகள் நாற்காலியைத் திருப்பி, அவரைப் பின்பக்கமாகவே கடைவரை இழுத்துப் போவார்கள். "எங்கே போகிறேன் என்று பார்த்ததே இல்லை, எங்கிருந்து வந்தேன் என்றுதான் பார்க்கிறேன்" என்று அவர் சொல்ல, சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பேரிங்கில் மண் ஏறினால் ரிப்பேருக்கு ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குத்தான் அனுப்ப வேண்டும். அதுவரை படுக்கைதான்.

அப்புறம் பணம். திட்டத்தில் அவர் பெயருக்கு ஒதுக்கீடு இருக்கிறது, ஊரில் சேவை தர ஆள் இல்லை. ஆளாளுக்குப் பணம் கொடுத்தால் கடை தானாக வந்து சேரும் என்பது நகரத்துக் கணக்கு. இருநூறு முந்நூறு கிலோமீட்டர் தள்ளி அது செல்லாது. ஒருமுறை ஒரு ஊழியரை அனுப்பினார்கள். வந்தவர் மருமகன் முறை, அவரிடம் குளிப்பாட்டச் சொல்ல முடியுமா? தினமும் குளிப்பாட்டுவது தங்கை மகள். அவளுக்குச் சம்பளம் இல்லை, ஏனென்றால் குடும்பத்தாருக்குப் பணம் தருவது விதிவிலக்கான நேரங்களில்தான். ஊர் முழுக்கச் சொந்தம் என்றால் வெளியாளுக்கு எங்கே போவது?

கடைசியாக, அப்பாவின் நிலத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்றார். அதைத்தான் வெகுநேரம் சொன்னார். அந்தப் பயணத்தைத் திட்டத்தில் எந்தச் செலவுத் தலைப்பில் எழுதுவது என்று என்னிடமும் பதில் இல்லை.

பதிவை அவருக்கே போட்டுக் காட்டினோம். பேத்தியைப் பற்றிய ஒரு பகுதியை வெட்டச் சொன்னார். பெயர் வெளியிடலாமா, மறைக்கலாமா, மொத்தமாக ரகசியமா என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் பெயர் வேண்டாம் என்றார். தான் இறந்துவிட்டால் குடும்பத்தைக் கேட்காமல் குரலைப் பயன்படுத்தக்கூடாது என்றும் சேர்க்கச் சொன்னார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை, தனியாக ஒரு தாளில் எழுதி இணைத்தோம். இதே வேலைக்குப் போகிறவர்கள் அந்தத் தாளை மறக்காதீர்கள்.

2022 ஜூலையில் கமிஷன் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கே வந்து, தொலைதூரப் பூர்வகுடி ஊர்களில் என்.டி.ஐ.எஸ். எப்படி நடக்கிறது என்பதற்கென்றே விசாரணை நடத்தியது. ஆன்ட்டி போகவில்லை, நேரலையில் பார்த்தார்.

2023 செப்டம்பரில் இறுதி அறிக்கை வந்தது: 12 தொகுதி, 222 பரிந்துரை. ஒன்பதாம் தொகுதி முழுக்கப் பூர்வகுடி மாற்றுத்திறனாளிகளைப் பற்றியது. குடும்பத்தார் தரும் ஆதரவுக்குப் பணம் தர வரையறை, சொந்த நிலத்துக்குப் போய்வரச் செலவு, பூர்வகுடிச் சமூகங்களே நடத்தும் அமைப்புகளுக்கு ஆள்கணக்கில் இல்லாமல் மொத்தமாக நிதி, என்.டி.ஐ.எஸ். நிர்வாகக் குழுவில் ஒரு பூர்வகுடி உறுப்பினராவது கட்டாயம், எல்லாம் அதில் இருந்தன. ஆன்ட்டியின் பதிவால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஃபர்ஸ்ட் பீப்பிள்ஸ் டிசபிலிட்டி நெட்வொர்க் போன்ற, பூர்வகுடி மாற்றுத்திறனாளிகளே நடத்துகிற அமைப்புகள் பல வருடமாகக் கத்திக்கொண்டிருந்த விஷயங்கள்தான். ஆனால் நிலத்துக்குப் போகும் பயணத்தைப் படித்துக் காட்டியபோது, மறுபடி படி என்றார்.

2024 ஜூலையில் மத்திய அரசின் பதில் வந்தது. தன் பொறுப்பில் வரும் 172 பரிந்துரைகளில் 13-ஐ முழுமையாக ஏற்றது, 117-ஐக் கொள்கையளவில். கொள்கையளவில் என்பதை ஆன்ட்டிக்கு விளக்க மொழிபெயர்ப்பாளரும் நானும் திணறினோம். வெள்ளைக்காரன் "ஆகட்டும், பார்க்கலாம்" என்கிறான், அவ்வளவுதானே என்று அவரே முடித்துவிட்டார்.

இப்போது கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்கு அவருக்கு அழைப்பு வருகிறது. சமீபத்தில் வந்த ஒன்றுக்கு நிபந்தனை போட்டார்: கூட்டம் ஊரிலேயே நடக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளரைத் தானே தேர்ந்தெடுப்பார், வருகிற ஆலோசகருக்குச் சம்பளம் உண்டென்றால் தனக்கும் தங்கை மகளுக்கும் உண்டு. முதல் இரண்டுக்கும் சரி சொல்லிவிட்டார்கள். மூன்றாவதைப் பரிசீலிக்கிறார்களாம்.