ஷெரிஃப் அகாடமில சட்டமும் ஃபோர்ஸும் எப்படி டெஸ்ட் பண்றாங்க, என் அனுபவம்

கலிஃபோர்னியாவுல ஒரு கவுண்டில டெப்யூட்டி ஷெரிஃபா சேர்ந்ததுல இருந்து நம்மாளுங்க எங்கிட்ட கேக்குறதெல்லாம் ஓட்டம் எப்படி, சுவர் ஏறணுமா, துப்பாக்கி சுடுறது கஷ்டமா, இதுதான். ஓட்டம் பழகுனா வந்துரும், சுடுறதும் பழகுனா வந்துரும். அகாடமில ஆளுங்கள வடிகட்டுறது வேற ஒரு டெஸ்ட். ஒரு மனுஷன் மேல கை வைக்க உனக்கு அதிகாரம் இருக்கா, இருந்தாலும் அந்த நேரத்துல அது தேவைதானா, அப்புறம் ஏன் வெச்சன்னு கேட்டா சொல்லத் தெரியுமா, இந்த மூணத்தையும் தான் திரும்பத் திரும்ப சோதிக்கிறாங்க. இத பத்தி தமிழ்ல யாராவது விவரமா எழுதி நான் படிச்சதில்ல, அதனால சேரணும்னு நெனைக்கிற தம்பி தங்கச்சிங்களுக்காக எழுதுறேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்த. இங்க ஷெரிஃபுங்கிறவரு கவுண்டி மக்கள் ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கிறவரு, கலிஃபோர்னியாவுல 58 கவுண்டி, 58 ஷெரிஃப். ஜெயில், கோர்ட் பாதுகாப்பு, சிட்டி போலீஸ் இல்லாத ஏரியாவுல ரோந்து, கோர்ட் உத்தரவுப்படி வீட்ட காலி பண்ண வைக்கிறது எல்லாம் அவர் ஆளுங்க தான் பாக்குறாங்க. வயசு 21 ஆகியிருக்கணும். 2023ல இருந்து மாநில சட்டப்படி சிட்டிசனா இருக்கணும்னு கட்டாயம் இல்ல, ஃபெடரல் சட்டப்படி வேலை செய்ய அனுமதி இருந்தா போதும், ஆனா நீங்க போற டிபார்ட்மெண்ட்ல கேட்டுக்கோங்க. எழுத்துத் தேர்வு, 165 பவுண்ட் பொம்மைய 32 அடி இழுக்கிற ஃபிட்னஸ் டெஸ்ட், இதெல்லாம் முடிச்சா பேக்ரவுண்ட் விசாரணை. முன்னாடி கூட தங்குனவங்க, பழைய மேனேஜர், பழைய வீட்டு ஓனர் வரைக்கும் பேசுவாங்க, இந்தியாவுல வேலை பாத்த ஆளுங்க நம்பரெல்லாம் முதல்லயே சேத்து வெச்சுக்கோங்க. அப்புறம் சைக்காலஜி, மெடிக்கல். இதுக்கு மேல அத பத்தி சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல.

அகாடமி பாடத்திட்டத்த போஸ்ட்னு சொல்ற மாநில கமிஷன் தான் போடுது. குறைஞ்சபட்சம் 664 மணி நேரம்னு விதி, பெரும்பாலான அகாடமி அதுக்கு மேலேயே நடத்துது, முழு நேரமா போனா கிட்டத்தட்ட ஆறு மாசம் ஆயிரும். பாடத்த எல்லாம் டொமைன்னு பிரிச்சு நம்பர் போட்டிருப்பாங்க. அதுல 15 அரெஸ்ட் சட்டம், 16 சர்ச் அண்ட் சீஷர், அதாவது சோதனை போடுறதும் பொருள கைப்பத்துறதும், 20 தான் ஃபோர்ஸ், அதாவது ஒருத்தர் மேல பலத்த பயன்படுத்துறது, பேசி நிலைமைய தணிக்கிற டீ-எஸ்கலேஷனும் அதுலயே வருது. எழுத்துத் தேர்வு மல்டிபிள் சாய்ஸ், ஆனா மனப்பாடம் பண்ணவங்க இதுல திணறிப் போறத கண்ணால பாத்தேன், ஏன்னா கேள்வி சின்ன கதையா வரும், கதைக்குள்ள ஒரே ஒரு விவரத்த மாத்திட்டா பதிலே மாறிரும்.

ஒரு உதாரணம் நானே சொல்றேன். ராத்திரி ரெண்டு மணிக்கு பார்க்கிங் லாட்ல ஒருத்தன் ஒவ்வொரு காரா எட்டிப் பாத்துட்டு கதவ இழுத்துப் பாக்குறான். நிறுத்தி விசாரிக்கலாமா? விசாரிக்கலாம், நியாயமான சந்தேகம் இருக்கு. உடம்ப தடவி ஆயுதம் இருக்கான்னு பாக்கலாமா? அவன்கிட்ட ஆயுதம் இருக்கு, ஆபத்துன்னு நெனைக்க உன் கண்ணு முன்னாடி ஏதாவது காரணம் இருந்தா தான், அதுவும் மேலாக்க தடவுறது மட்டும். பாக்கெட்டுக்குள்ள கைய விட்டு துழாவலாமா? கூடாது, தடவும்போது ஆயுதம் மாதிரி தட்டுப்பட்டா தவிர. இது எல்லாத்துக்கும் வேர் 1968ல வந்த டெர்ரி கேஸ், கிளீவ்லாண்ட்ல ஒரு டிடெக்டிவ் ஒரு கடை ஜன்னல மாத்தி மாத்தி எட்டிப் பாத்துட்டிருந்த ஆளுங்கள நிறுத்தினதுல இருந்து வந்த தீர்ப்பு. நிறுத்துறது ஒரு படி, தடவுறது அடுத்த படி, அரெஸ்ட் அதுக்கு மேல, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா காரணம் வேணும். இந்தப் படிகள் மண்டையில ஏறலன்னா ஃபோர்ஸ் பாடமே புரியாது, ஏன்னா நிறுத்துறதே தப்புன்னா அதுக்கப்புறம் நடந்தத நியாயப்படுத்துறது ரொம்ப கஷ்டம்.

ஃபோர்ஸ் பாடத்துல முதல்ல சொல்ற கேஸ் கிரஹாம், 1989 தீர்ப்பு. சம்பவம் 1984ல, வட கரோலினா ஷார்லட் ஊர்ல. கிரஹாம் ஒரு சர்க்கரை நோயாளி, சுகர் இறங்குது, ஃபிரண்ட கூட்டிட்டு ஆரஞ்சு ஜூஸ் வாங்க கடைக்கு போறாரு, வரிசை நீளமா இருக்குன்னு உடனே வெளிய ஓடி வந்து கார்ல ஏறுறாரு. அத பாத்த போலீஸ்காரருக்கு சந்தேகம், கார நிறுத்துறாரு. அதுக்கப்புறம் விலங்கு போட்டு, கார் மேல முகத்த அமுத்தி, கால் எலும்பு முறிஞ்சு, ஒரு ஃபிரண்ட் ஜூஸ் கொண்டு வந்து குடுத்தும் குடிக்க விடல. கடைசில பாத்தா கடையில எதுவுமே நடக்கல. இந்த கேஸ்ல தான் சுப்ரீம் கோர்ட் அளவுகோல சொல்லுச்சு. குற்றம் எவ்வளவு பெருசு, அந்த ஆளால உடனடி ஆபத்து இருக்கா, எதிர்க்கிறானா இல்ல தப்பிக்கப் பாக்குறானா, அந்த இடத்துல நிக்கிற நிதானமான ஒரு ஆஃபீசர் என்ன பண்ணியிருப்பாரு. இத வெறும் மூணு பாயிண்டா எழுதி வெச்சவங்கள விட அந்த ஜூஸ் விஷயத்த ஞாபகம் வெச்சவங்க தான் டெஸ்ட்ல நல்லா பண்ணாங்க, நானும் அப்படித்தான் படிச்சேன்.

அடுத்து கார்னர் கேஸ். 1974ல மெம்ஃபிஸ்ல 15 வயசுப் பையன், ஒரு வீட்டுல திருடிட்டு வேலி ஏறி ஓடப் பாக்குறான், கையில ஆயுதம் இல்ல, தலைக்குப் பின்னாடி சுட்டு செத்துப் போறான். திருடுனது ஒரு பர்ஸும் 10 டாலரும். 1985ல கோர்ட் சொன்னது, ஓடுறாங்கிறதுக்காக மட்டும் சுடக்கூடாது.

ஆனா கலிஃபோர்னியா இதோட நிக்கல. 2018ல சாக்ரமெண்டோவுல ஸ்டெஃபான் கிளார்க்குங்கிற இளைஞன் தன் பாட்டி வீட்டு கொல்லைல போலீஸ் சுட்டு செத்தாரு, கையில இருந்தது செல்ஃபோன். அதுக்கப்புறம் பெரிய போராட்டம் நடந்து, ஏபி 392னு ஒரு சட்டம் வந்து, 2020 ஜனவரில இருந்து பீனல் கோட் 835ஏ பிரிவு மாறிடுச்சு. உயிர் போற அளவு ஃபோர்ஸ நியாயமா தோணுச்சுன்னு சொன்னா மட்டும் பத்தாது, ஒரு மனுஷ உயிர காப்பாத்த அவசியமா இருந்திருக்கணும். ஆபத்து உடனடியா இருக்கணும், அதாவது அந்த ஆளுக்கு செய்ய வலு, வாய்ப்பு, செய்யப் போற எண்ணம் மூணும் தெரியணும். பின்னாடி ஏதாவது பண்ணிருவானோங்கிற பயம் எவ்வளவு பெருசா இருந்தாலும் கணக்குல வராதுன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. தனக்கு மட்டுமே ஆபத்தா இருக்கிற ஆள, வேற யாருக்கும் உடனடி ஆபத்து இல்லாதப்போ, சுடக்கூடாதுன்னும் இருக்கு. இந்தப் பிரிவ வரி வரியா படிங்க, பாதி டெஸ்ட் இதுக்குள்ள தான் இருக்கு.

இப்போ சினாரியோ டெஸ்ட். டெஸ்ட்ல என்ன வந்துச்சுன்னு வெளிய சொல்ல மாட்டோம்னு கையெழுத்து போட்டிருக்கோம், அதனால ப்ராக்டிஸ்ல பண்ணதுங்கள மட்டும் சொல்றேன். ஒருத்தர் ஒருத்தரா கூப்பிடுவாங்க, மத்தவங்க பாக்க முடியாத மாதிரி தனி ரூம்ல உக்காந்திருக்கணும். ரேடியோல ஒரு கால் வரும், நீங்க போய் நிக்கணும், அங்க நடிக்கிறவங்க இருப்பாங்க, ஒரு ஓரமா மார்க் போடுறவரு. ஃபோர்ஸ் மட்டும் பாக்கல, சட்ட அதிகாரம், பாதுகாப்பு, பேச்சு, டென்ஷன்ல எப்படி இருக்கீங்க, எல்லாமே தனித்தனியா பாக்குறாங்க. ஃபெயில் ஆனா மறுபடி பயிற்சி குடுத்து ரீடெஸ்ட், அதுலயும் போச்சுன்னா அகாடமிய விட்டு வெளிய.

எனக்கு மறக்காத ப்ராக்டிஸ், ஒரு ஆளு தன் கழுத்துலயே கத்திய வெச்சுட்டு சுவரோரமா உக்காந்து அழுதுட்டிருப்பாரு. கத்தின்ன உடனே எல்லாருக்கும் கை துப்பாக்கிக்கு போயிரும், கத்திய போடு கத்திய போடுன்னு கத்த ஆரம்பிச்சிருவாங்க. எங்க இன்ஸ்ட்ரக்டர் அங்கேயே நிறுத்தி, அவரு யார வெட்டப் போறாருன்னு கேப்பாரு. யாரையும் இல்ல. அப்போ நீ ஏன் கிட்டப் போற? அவ்வளவுதான் கேள்வி. தூரம் இருந்தா நேரம் கிடைக்கும், நடுவுல ஒரு கார் இருந்தா இன்னும் நேரம் கிடைக்கும், கூட ஆள வரச் சொல்லு, ஆம்புலன்ஸ பக்கத்துல நிறுத்தச் சொல்லு, ஒருத்தர் மட்டும் பேசு, பேர கேளு. நீயே போய் கிட்டப் போய் நின்னுட்டு, அப்புறம் அவரு எழுந்தாரு எனக்கு ஆபத்துன்னு சுட்டா, அதுக்கு முன்னாடி நீ என்ன பண்ணங்கிறதையும் சேத்து தான் 835ஏ பாக்கும். நான் அவரோட பேசிட்டே இருந்து, நடிக்கிற ஆளு கடைசில கத்திய கீழ வெச்சப்போ எனக்கு கண்ணு கலங்கிருச்சு, அது நடிப்புன்னு தெரிஞ்சும்.

இன்னொண்ணு, வயசான ஒருத்தரு ராத்திரி வீடுங்க இருக்கிற ரோட்டுல நடந்து போறாரு, நில்லுங்கன்னா நிக்கல, கையெல்லாம் ஜாக்கெட்டுக்குள்ள. ஒரு பேட்ச்மேட் நேரா போய் கைய முறுக்கிட்டான். அவருக்கு காது கேக்காது, சினாரியோவே அதுதான். அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல, ஏன்னா சுரேஷ்பாய் படேல் ஞாபகம் வந்துருச்சு. 2015 பிப்ரவரி, அலபாமா மாநிலம் மேடிசன், 57 வயசு, பேரன பாத்துக்க குஜராத்ல இருந்து வந்தவரு, மகன் வீட்டுக்கு வெளிய வாக்கிங் போனாரு, யாரோ போலீசுக்கு ஃபோன் பண்ணிட்டாங்க. இங்கிலீஷ் தெரியாதுன்னு சொல்லியிருக்காரு. கைய பின்னாடி பிடிச்சு தரையில அடிச்சதுல கழுத்துல ஆபரேஷன், சரியா நடக்க முடியாம போச்சு. அந்த ஆஃபீசர் மேல ஃபெடரல் கேஸ் ரெண்டு தடவ நடந்தும் ஜூரி ஒரு முடிவுக்கு வரல, 2016ல ஜட்ஜ் அவர விடுதலை பண்ணிட்டாரு. நம்ம அப்பா அம்மா எல்லாரும் இங்க வந்தா சாயங்காலம் அப்படித்தானே நடக்குறாங்க, யூனிஃபார்ம் போட்டவங்க ஏதாவது கேட்டா பதட்டத்துல ஃபோன எடுக்க பாக்கெட்டுல கைய விடத்தானே செய்வாங்க. எங்கப்பா வந்திருந்தப்போ ஃபோன எடுக்காதீங்க, கைய வெளிய வெச்சுட்டு நில்லுங்கன்னு சொல்லிக் குடுத்தவன் நான், இப்போ அந்தப் பக்கம் நிக்கிறேன். கட்டளைக்கு பதில் வரலன்னா எதிர்ப்புன்னு எடுத்துக்காம கேக்கலையா, புரியலையா, உடம்பு சரியில்லையான்னு முதல்ல பாக்குறத, இந்த வேலையில இருக்கிற நம்மாளுங்க கட்டாயம் மத்தவங்களுக்கும் சொல்லணும்னு நெனைக்கிறேன்.

இதுக்கு நேர் எதிரா, ஃபோர்ஸ் வேண்டிய இடத்துல தயங்குனாலும் ஃபெயில் தான். டிராஃபிக் ஸ்டாப்ல, அதாவது ரோட்டுல வண்டிய நிறுத்தி விசாரிக்கும்போது, பேசிட்டு இருக்கும்போதே டிரைவர் துப்பாக்கிய எடுப்பான், நீங்க பேசிட்டே நின்னா செத்துட்டீங்கன்னு அர்த்தம். டெக்சஸ் ஹாரிஸ் கவுண்டில டர்பன் கட்டின முதல் டெப்யூட்டி சந்தீப் தலிவால், 2019 செப்டம்பர்ல ஒரு டிராஃபிக் ஸ்டாப்ல டிரைவர்கிட்ட பேசிட்டு தன் வண்டிக்கு திரும்பி நடக்கும்போது பின்னாடி இருந்து சுட்டுக் கொன்னுட்டாங்க. நம்ம பக்கத்துல இருந்து வந்தவரு, அவர் ஃபோட்டோவ என் நோட்டுல ஒட்டி வெச்சிருந்தேன்.

கூட வந்த பார்ட்னர் விலங்கு போட்ட ஆள விடாம அடிக்கிற சினாரியோவும் ப்ராக்டிஸ் பண்ணோம். ஜார்ஜ் ஃபிளாய்ட் சாவுக்கு அப்புறம் இங்க சட்டம் இறுகிடுச்சு, கழுத்த பிடிக்கிற பிடி முழுசா தடை, அத்துமீறல பாத்துட்டு சும்மா நின்னா பாத்தவரு மேலயும் நடவடிக்கை, உடனே தடுத்து மேல ரிப்போர்ட் பண்ணணும். வாயால நிறுத்துன்னு சொல்லி, கேக்கலன்னா கையால இழுத்து, கீழ கிடக்கிற ஆள ஒருக்களிச்சு படுக்க வெச்சு மூச்சு வருதான்னு பாத்து, மெடிக்கல கூப்பிடணும். சீனியர் மேல கை வைக்கிறது நம்ம வளர்ப்புக்கு ரொம்ப சங்கடமா இருக்கும், அதனால தான் திரும்பத் திரும்ப செஞ்சு பழகணும்.

எல்லாம் முடிஞ்சதும் ரிப்போர்ட். இதுல நல்ல நல்ல ஆளுங்க எல்லாம் மாட்டுனாங்க. அவன் ஆக்ரோஷமா இருந்தான்னு எழுதினா சிவப்பு மையில வட்டம் போட்டு திரும்பி வரும். ரெண்டு கையையும் முஷ்டியா மடக்கினான், ஆறு அடி தூரத்துல இருந்து என்ன நோக்கி ரெண்டு எட்டு வெச்சான், உன்ன கொன்னுருவேன்னு சத்தமா சொன்னான், நான் பின்னாடி நகர்ந்து நில்லுன்னு சொன்னேன், நிக்கல, அதனால வலது கைய பிடிச்சேன். இப்படி கண்ணால பாத்தது காதால கேட்டத மட்டும் எழுதணும், பாடி கேமராவுல இருக்கிறதும் இதுவும் ஒத்துப்போகணும், எப்போ ஃபோர்ஸ நிறுத்தினீங்கன்னும் எழுதணும்.

நான் படிச்ச விதம் ரொம்ப எளிமை. வீட்டுல என் மனைவி கார் டிரைவரா, குடிகாரனா, அழுற ஆளா நடிப்பா, நான் பண்ணத எல்லாம் நிறுத்தி நிறுத்தி ஏன் ஏன்னு கேப்பா, சட்டம் படிக்காத அவளுக்கே புரியுற மாதிரி சொல்லி முடிச்சா தான் அடுத்தது. இங்கிலீஷ்ல சொல்லிப் பாருங்க, ரேடியோல மெதுவா முழு வார்த்தையா பேசிப் பழகுங்க, நம்ம உச்சரிப்பு ஒரு பிரச்சனையே இல்ல, வேகம் தான் பிரச்சனை.

அகாடமி முடிஞ்ச உடனே ரோந்து காருன்னு நெனைக்காதீங்க, பல கவுண்டில முதல்ல ஜெயில் டூட்டி தான், ரோந்துக்கு போகும்போது குறைஞ்சது 10 வாரம் ஒரு டிரெய்னிங் ஆஃபீசர் பக்கத்துல உக்காந்து மறுபடி மார்க் போடுவாரு. போஸ்ட் கமிஷன் பாடப் புத்தகங்கள அவங்க வெப்சைட்லயே இலவசமா போட்டிருக்காங்க, விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடியே 15, 16, 20 மூணையும் இறக்கி படிச்சிருங்க, படிச்சுட்டு இந்த வேலை வேணுமா வேணாமான்னு வீட்டுல உக்காந்து பேசுங்க.