10 கிலோ 2573 ஆனது எப்படி: சி (C) நிரல்மொழிச் செயன்முறைப் பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு

தம்பி தங்கைமார், கோப்பில் தரவு எழுதும் பாடத்தை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். நான் தாண்டிப்போய்த்தான் மாட்டிக்கொண்டேன்.

ஹட்டன் பக்கம், எங்கள் லயத்து வீட்டில் இருந்த விண்டோஸ் மடிக்கணினியில் பயிற்சிக்காகக் கொழுந்து நிறுவைக் கணக்கு ஒன்று எழுதினேன். அம்மா நிற்கும் மலையில் 30 பேர். ஆளுக்கொரு ஸ்ட்ரக்ட் (சில மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு): பேர் நம்பர், கிலோ, இரண்டுமே இன்ட் (4 பைட் முழு எண்). எழுதியது நினைவகத்துப் பைட்டுகளை அப்படியே கோப்பில் போடும் எஃப்ரைட் (fwrite), கோப்பைத் திறந்ததோ வெறும் 'டபிள்யூ' (w), அதாவது டெக்ஸ்ட் முறை. எஃப்ரைட் போட்டாலே பைனரிதான் என்று நம்பியிருந்தேன். பரீட்சைக்கு முந்தின நாள் அந்தக் கோப்பை ஆய்வுகூடத்து லினக்ஸ் கணினியில் வாசித்தால், 107ஆம் நம்பரான அம்மாவுக்கு 2573 கிலோ! அடுத்தவரின் நம்பர் 108க்குப் பதில் 27648.

அன்று மழை. அம்மா 10 கிலோவோடு அரைப்பேரில் (அரைநாள் கணக்கில்) இறங்கிவிட்டார். அந்த 10தான் காரணம். புதிய வரிக்கான பைட்டின் மதிப்பும் 10. விண்டோஸில் டெக்ஸ்ட் முறையில் எழுதினால், 10 வரும் இடமெல்லாம் அதற்கு முன்னால் 13 சேரும். அது கிலோவா, வரி முடிவா என்று பார்க்காது. இன்டின் சிறிய பைட்தான் கோப்பில் முதலில் வரும், அடுத்த பைட்டை 256ஆல் பெருக்க வேண்டும். அதனால் 10 என்பது 13 + 10×256 = 2573 ஆனது. அதன் பிறகு எல்லாம் ஒரு பைட் தள்ளிப்போனது. கோப்பின் அளவு காட்டிக்கொடுத்தது: 30×8 = 240 இருக்க வேண்டியது, 241.

'டபிள்யூபி' (wb) என்று பைனரி முறையில் திறந்து எழுதினேன், சரியாகிவிட்டது. வாசிக்க 'ஆர்பி' (rb). 26 கிலோவையும் போட்டுச் சோதியுங்கள். விண்டோஸில் டெக்ஸ்ட் முறையில் வாசித்தால், 26 என்ற பைட்டோடு கோப்பு முடிந்ததாக நின்றுவிடும்.

மனிதர் திறந்து பார்க்க வேண்டிய கணக்கென்றால், எண்ணை எழுத்துகளாக எழுதும் எஃப்பிரிண்ட்எஃப் (fprintf) போதும். 1234567890க்கு அது 10 பைட் எடுக்கும், பைனரியில் 4தான். ஆனால் நோட்பேடில் படிக்கலாம். 25ஆம் ஆளின் கிலோவை மட்டும் திருத்தச் சொன்னால் பைனரியே நல்லது, 24×8 பைட் தாண்டி நேரே போகலாம். அந்த 8ஐ மனக்கணக்கில் போடாமல், அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் (sizeof) எழுதுங்கள்: ஒரு சாரும் (char, 1 பைட்) ஒரு இன்டும் உள்ள ஸ்ட்ரக்ட் 5 அல்ல, பெரும்பாலும் 8 பைட்.

எனக்கு வந்த கேள்வியும் திருத்தும் கேள்விதான். எஃப்ரீட் (fread) ஓர் ஆளின் பதிவை வாசித்து முடிந்ததும், கோப்பில் நாம் நிற்கும் இடம் அடுத்த ஆளுக்கு நகர்ந்திருக்கும். அந்த இடத்தை மாற்றும் எஃப்சீக் (fseek) போட்டு ஒரு ஸ்ட்ரக்ட் பின்னால் வந்து, அப்புறம் எஃப்ரைட்.