எழுபத்திரண்டில் ஒரு பங்கு ஸ்பிட்ஃபயர்

இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 11.23 மீட்டர் அகலமுள்ள, இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர், 1/72 அளவு பிளாஸ்டிக் மாதிரியில் ஏறத்தாழ பதினைந்தரை சென்டிமீட்டராகிவிடுகிறது. நீளமும் அகலமும் கணக்காகச் சுருங்கினாலும், மேற்பரப்பின் கோடுகளையும் கறைகளையும் சுருக்க நாம் மறந்துவிடுகிறோம் என்பதுதான் பெரும்பாலான மாதிரிகளைப் பார்க்கையில் எனக்குத் தோன்றும் குறை.

நான் இப்போது கட்டிக்கொண்டிருப்பது 1940இல் ஜெர்மானிய விமானப்படையை எதிர்த்து நடந்த பிரிட்டன் வான்போரில் பறந்த மார்க் 1 வகை. ஆர்.ஜே. மிட்செல் வடிவமைத்து, 1936 மார்ச் 5 அன்று முதன்முதலாகப் பறந்த இவ்விமானத்தின் அழகு அதன் நீள்வட்ட இறக்கையில் இருப்பதால், இறக்கை உடலோடு சேரும் இடத்தில்தான் என் நேரம் அதிகம் செலவாகிறது. பசை தடவுவதற்கு முன் பாகங்களை வெறுமனே பொருத்திப் பார்க்க வேண்டும். சிறு இடைவெளியைப் புட்டி என்ற நிரப்புப் பசை வைத்துத் தேய்த்துவிடலாம், ஆனால் நுனிகள் மேல்நோக்கி உயரும் அந்த 6 டிகிரிச் சாய்வு பிசகினால் அதைப் பின்னர் எந்தப் பெயிண்டாலும் மறைக்க முடியாது. விமானி அறையின் உட்புறத்துக்குச் சாம்பல் கலந்த பச்சையும் இருக்கைப் பட்டைகளும் போதும், கண்ணாடிக் கூண்டை ஒட்டியபின் பாதிக்கு மேல் கண்ணில் படாது.

தகடுகள் சேரும் கோடுகளுக்கு வருகிறேன். மாதிரியில் 0.2 மி.மீ. அகலத்தில் வெட்டப்பட்ட ஒரு கோடு, அசல் விமானத்தில் 14 மி.மீ.க்கும் அதிகமான, விரல் நுழையக்கூடிய பிளவுக்குச் சமம். ஸ்பிட்ஃபயர் இறக்கையிலோ தலை வெளியே துருத்தாத ரிவெட்டுகளை (தகடுகளை இணைக்கும் ஆணிகளை) அடித்து, காற்றின் தடையைக் குறைக்க முன்பகுதியை நிரப்பி வழவழப்பாக்கியிருந்தார்கள். அப்படிப்பட்ட பரப்பின் கோடுகளில் கறுப்பு மையை ஓடவிட்டால் விமானம் ஓட்டுக்கூரையாகிவிடும். அடிநிறத்தைவிடச் சற்றே அடர்ந்த சாயலே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

உருமறைப்பு நிறங்களுக்கும் இதே கணக்குதான். மேற்புறத்தின் மண்பழுப்பும் கரும்பச்சையும் கலக்கும் விளிம்பு அசலில் ஓர் அங்குலம் இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும், இங்கே அது 0.35 மி.மீ.தான், பெயிண்டைக் காற்றோடு தெளிக்கும் ஏர்பிரஷ்ஷால் விளிம்பை மங்கலாக அடிப்பதைவிட மாஸ்கிங் டேப் ஒட்டி அடிப்பதே உண்மைக்கு நெருக்கமாக அமைகிறது. அடிப்புறத்தில் மட்டும் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. 1940 ஜூனில் ‘ஸ்கை’ எனப்பட்ட வெளிர்பச்சை நிறத்தைப் பூசும்படி உத்தரவு வந்தபோது அந்தப் பெயிண்ட் போதிய அளவு கிடைக்காததால், படைப்பிரிவுகள் கைக்குக் கிடைத்ததைக் கலந்து பூசின. நீலம் தட்டியவையும் பச்சை தட்டியவையும் அருகருகே பறந்தன. ஆகவே அந்த ஒரு நிறத்தை வைத்துச் சண்டை போடுபவர்களை நான் கண்டுகொள்வதில்லை.

மாதிரிக்குப் பயன்பட்டுப் பழசான தோற்றம் தரும் கட்டத்தில்தான் கை அடங்க மறுக்கிறது. அலுமினியத் தகடு செந்துரு பிடிக்காது. அந்தப் போரில் பல விமானங்கள் சில வாரங்களே தாக்குப்பிடித்தன. விமானி ஏறியிறங்கும் இடப்பக்க இறக்கையடியில் பெயிண்ட் தேய்ந்திருக்கும், புகைபோக்கிகளுக்குப் பின்னால் கறை நீண்டிருக்கும், அவ்வளவுதான். எட்டு இயந்திரத் துப்பாக்கிகளின் வாய்களையும் சிவப்புத் துணியால் ஒட்டி மூடியிருந்தார்கள். முதல் குண்டிலேயே அது கிழிந்துவிடும். துணியைக் கிழியாமல் வரைந்துவிட்டு அதற்குப் பின்னால் சுட்ட புகையின் புத்தம்புதிய கரியை அடர்த்தியாகப் பூசியிருந்தால், அந்த விமானம் சுட்டதா இல்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. எனவே என் மாதிரியில் துணி முழுசாக இருக்கும், கரி இருக்காது.

வட்டச் சின்னங்களையும் எழுத்துகளையும் ஒட்டுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் கட்டாயம். சொரசொரப்பான பரப்பில் டெக்கால் எனும் ஒட்டுப்படத்தின் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல் மின்னும். எல்லாம் முடிந்தபின் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஒரு பூச்சு. விமானி அறைக்குப் பின்னுள்ள கம்பத்திலிருந்து வால் சுக்கானின் உச்சி வரை செல்லும் வானொலிக் கம்பிக்காக, பாகங்களைத் தாங்கியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவத்திச் சூட்டில் இளக்கி இழுத்து வைத்திருக்கிறேன். அதிலும் மிக மெல்லிய இழையைத்தான் தேர்ந்தெடுப்பேன். தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் தெரிந்தால் போதும்.