72 மீட்டரும் 8 மீட்டரும்

புறநகர் மின்வண்டி ஒரு நிலையத்தில் நிற்கும் நேரம் பெரும்பாலும் அரை நிமிடம்தான். அதற்குள் வண்டியை ஓட்டும் மோட்டார்மேன், நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் பலகைக்கு நேராக அதை நிறுத்தியிருக்க வேண்டும். ஏறுவோரும் இறங்குவோரும் முண்டியடித்து முடித்திருக்க வேண்டும். கடைசிப் பெட்டியில் நிற்கும் கார்டு நடைமேடை முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கிளம்பலாம் என்று இரண்டு முறை மணி அடித்திருக்க வேண்டும். வண்டி பலகையைத் தாண்டிப் போய் நின்றுவிட்டால், முன்பெட்டிகளில் இருப்பவர்கள் ஜல்லியில் குதிக்கிறார்கள், அல்லது இறங்க முடியாமல் அடுத்த நிலையம் வரை போகிறார்கள். தொழிலில் இதை ஓவர்ஷூட் என்போம். யாருக்கும் அடிபடவில்லை என்றால் இப்படி ஒன்று நடந்தது என்பதற்குப் பெரும்பாலும் ஒரே சான்று கார்டு தன் ஜர்னலில், அதாவது பயணக் குறிப்பேட்டில், எழுதும் இரண்டு வரிதான்.

அந்த இரண்டு வரியை எழுதும் வேலையில் நான் பல வருடங்கள் இருந்தேன். முதலில் ஒரு பெருநகரத்தின் புறநகர் வண்டிகளிலும், பிறகு பணிஓய்வு வரை விழுப்புரம்–புதுச்சேரி, விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர்களிலும் கார்டாக வேலை பார்த்தேன். இப்போது கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். ரயில் விபத்துச் செய்தி வரும்போதெல்லாம் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: “யார் சார் பொறுப்பு?” ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அவர்களுக்கு மனம் ஆறிவிடுகிறது. எனக்கு ஆறுவதில்லை. அதன் காரணத்தை ஒரு ஓவர்ஷூட்டிலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு மழைநாள் மாலையில், நெரிசல் நேரத்தில், என் வண்டி ஒரு நிலையத்தில் ஒன்றரைப் பெட்டி தூரம் தாண்டி நின்றது. மோட்டார்மேன் என்னைவிட மூத்தவர். ஒழுங்கான ஓட்டுநர் என்று பெயரெடுத்தவர். பயணம் முடிந்ததும் அவரே நடந்து வந்து, “எழுதிடுங்க தம்பி. ஒன்றரைப் பெட்டி. குறைச்சுப் போடாதீங்க” என்றார். அப்படியே எழுதினேன். மறுநாள் அவரை ஓட்டும் பணியிலிருந்து நிறுத்தினார்கள். சில வாரங்களில் சார்ஜ்ஷீட் வந்தது. விசாரணையில் என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். எந்த வேகத்தில் நடைமேடைக்குள் வந்தீர்கள், எந்த இடத்தில் பிரேக் போட்டீர்கள் என்று அவரை நுணுக்கமாகக் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். அந்த ரேக்கின், அதாவது பெட்டித்தொடரின், பிரேக் பிடிப்பு பற்றி அதே வாரத்தில் வேறு இருவர் எழுதிக் கொடுத்திருந்ததையும், புதிதாகப் போட்ட கூரைத் தூண் நிறுத்தப் பலகையை மறைக்கிறது என்பதையும் அவர் சொன்னபோது, அவை இந்த விசாரணையின் வரம்புக்குள் வராது என்று பதில் வந்தது. அவருக்கு ஒரு இன்கிரிமென்ட் வெட்டு. பலகை அதே இடத்தில், தூணுக்குப் பின்னாலேயே இருந்தது.

நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான். வண்டி ஊழியர்கள் தங்கி ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில் ஒரே பானைச் சோறு சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர ஒரு ராத்திரி போதும். அடுத்த மாதங்களில் அந்தப் பகுதியில் வண்டிகள் தாண்டி நிற்பது குறையவில்லை, ஆனால் ஜர்னல்களில் ஏறுவது குறைந்துவிட்டது. எழுதப்பட்டவையும் அரைப் பெட்டி, கால் பெட்டி என்று சுருங்கின. எந்தப் பலகை மறைகிறது, எந்த ரேக் சறுக்குகிறது என்பதை மேலதிகாரிகள் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி அப்படித்தான் அடைபட்டது.

இதே கதை பெரிய அளவில் ஜப்பானில் நடந்திருக்கிறது. 2005 ஏப்ரல் 25 காலை, அமகசாகி அருகே ஒரு புறநகர் ரயில், 70 கிலோமீட்டர் வரம்புள்ள வளைவில் 116 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து தடம்புரண்டு, பக்கத்து அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. ஓட்டுநரோடு சேர்த்து 107 பேர் இறந்தார்கள். ஓட்டுநருக்கு வயது 23. சற்று முன்புதான் இதாமி நிலையத்தில் வண்டியை 72 மீட்டர் தாண்டி நிறுத்தியிருந்தார். அதைக் குறைத்துச் சொல்லும்படி கார்டை வேண்டிக்கொண்டார். கார்டும் கட்டுப்பாட்டு அறைக்கு 8 மீட்டர் என்று சொன்னார். அந்த ரேடியோ உரையாடலை உற்றுக் கேட்டுக்கொண்டிருந்ததில் ஓட்டுநரின் கவனம் சிதறி, வளைவுக்கு முன் பிரேக் போடத் தாமதமாகிவிட்டது என்பது விசாரணை ஆணையம் எட்டிய முடிவு. அவர் அத்தனை பயந்ததற்குக் காரணம் இருந்தது. முந்தைய ஆண்டு இதே போன்ற ஒரு தவறுக்காக 13 நாள் ‘மறுபயிற்சி’ என்ற பெயரில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். அந்தப் பயிற்சியில் வண்டி ஓட்டக் கற்றுத்தருவதைவிட மன்னிப்புக் கட்டுரை எழுத வைப்பதும், திட்டுவதும், சிலரைப் புல் பிடுங்க விடுவதுமே அதிகம்.

72 மீட்டரை 8 மீட்டராக்கிய அந்த கார்டின் இடத்தில் நான் நின்று பார்த்திருக்கிறேன் என்பதால், அவரை என்னால் எளிதில் வைய முடியவில்லை. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் நம்மோடு வேலை செய்கிறவர். அவருடைய பிழைப்பு நம் பேனா முனையில் இருக்கிறது. அந்த வளைவில், வேகம் மீறினால் தானே பிரேக் போடும் புதிய கருவியை அதுவரை பொருத்தவில்லை. வழக்கு, ரயிலை ஓட்டிய நிறுவனத்தின் முன்னாள் தலைவர்கள் நால்வர்மீது நடந்தது. ஒருவர் 2012-இல் விடுதலையானார், மற்ற மூவரின் விடுதலையை 2017-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கையில் கைப்பிடி வைத்திருந்தவர் இறந்துபோனார். கருவியைத் தள்ளிப்போட்டவர்களுக்குச் சட்டத்தில் குற்றம் இல்லை.

நம் நாட்டிலும் நடைமுறை அதிகம் வேறுபடவில்லை. பயணிகள் உயிரிழக்கும் பெரிய விபத்துகளை ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிக்கிறார். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லாமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பது நல்ல ஏற்பாடு. 2024 ஜூன் 17 அன்று மேற்கு வங்கத்தில் கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்னால் சரக்கு வண்டி மோதியபோது, இறந்துபோன சரக்கு வண்டி ஓட்டுநர் சிக்னலை மீறிவிட்டார் என்று அன்றைக்கே ரயில்வே தரப்பில் சொல்லிவிட்டார்கள். சிக்னல் பழுதான நேரத்தில் கொடுத்த அனுமதிப் படிவமே சரியானதல்ல, எந்த வேகத்தில் போக வேண்டும் என்ற எச்சரிக்கையும் கொடுக்கப்படவில்லை என்று பிறகு சொன்னது ஆணையரின் அறிக்கைதான். ஆனால் தினசரிச் சிறு தவறுகள் ஆணையரிடம் போவதில்லை. அவற்றை, அட்டவணை போட்டவர்களும் யாருக்கு எப்போது பணி என்ற ரோஸ்டர் போட்டவர்களும் உட்கார்ந்திருக்கும் அதே துறை, 1968-ஆம் ஆண்டின் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின்படி விசாரித்து முடிக்கிறது.

2025 ஜூலை 8 காலை எங்கள் ஊருக்குப் பக்கத்தில் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில், விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் பள்ளி வேன்மீது மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். நான் எத்தனையோ முறை கொடி பிடித்துக் கடந்த கேட் அது. அன்று காலை வந்த முதல் அறிக்கையில், வேன் ஓட்டுநர் கேட்டைத் திறக்கச் சொல்லி வற்புறுத்தினார் என்று இருந்தது. பிறகு கேட் மூடப்படவே இல்லை என்றும், மூடிவிட்டதாக நிலைய அதிகாரிக்குச் சொல்லப்பட்டது என்றும் செய்தி வந்தது. அது இன்டர்லாக் செய்யப்படாத கேட். இன்டர்லாக் இருந்தால் கேட் மூடிப் பூட்டும் வரை ரயில் போவதற்கான சிக்னல் விழாது. இல்லாத இடத்தில் எல்லாமே தொலைபேசியில் சொல்லும் ஒரு எண்ணை நம்பித்தான். கேட்கீப்பரிடம் இரண்டிலக்க எண்கள் அச்சிட்ட ஒரு தாள் இருக்கும். கேட்டை மூடிய பிறகு அடுத்த எண்ணைச் சொல்லி, அதை அடித்துவிட்டு, வண்டி எண்ணையும் நேரத்தையும் எதிரில் எழுத வேண்டும். நிலைய அதிகாரி பல கிலோமீட்டர் தள்ளி இருப்பவர், கேட்டைக் கண்ணால் பார்க்க முடியாதவர். அவருக்கு அந்த எண்தான் கேட்.

எனக்குப் பழக்கமான ஒரு கேட்கீப்பர், வேறொரு கேட்டில் 12 மணி நேரப் பணி பார்க்கிறவர், அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். “ஃபோன் அடிக்கும், கேட்ல பத்து வண்டி நின்னு ஹாரன் அடிக்கும் சார். நம்பரைக் கொடுத்துட்டு இதோ மூடிடலாம்னு தோணும். நான் செஞ்சதில்ல. ஆனா தோணாம இருந்ததில்ல” என்றார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன்.

மூடாத கேட்டுக்கு எண் கொடுப்பது கைத்தவறு அல்ல, பொய். அதற்குத் தண்டனை வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் விபத்துக்குப் பிறகு வந்த உத்தரவுகளைப் படித்துப் பாருங்கள். கேட்டுகளின் குரல் பதிவுகளைத் தினமும் சரிபார்க்கச் சொன்னார்கள். ஒரு நாளில் கடக்கும் ரயில்களையும் வாகனங்களையும் பெருக்கி வரும் எண்ணிக்கை 20,000 இருந்தால்தான் இன்டர்லாக் என்றிருந்த வரம்பை 10,000 ஆகக் குறைத்தார்கள். இவை ஜூலை 7 அன்றும் செய்திருக்கக்கூடியவை. அவற்றைச் செய்யாமல் இருந்த முடிவுக்குக் கீழே யாருடைய கையெழுத்து இருந்தது என்று எந்த விசாரணையும் என் கண்ணில் படும்படி கேட்கவில்லை.

அமகசாகி ரயிலை ஓட்டிய நிறுவனம் 2016 முதல், வேண்டுமென்று செய்யாத மனிதத் தவறுகளுக்கு ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று முடிவெடுத்தது. இங்கே அதை அப்படியே கொண்டுவர நான் சொல்லவில்லை. குடித்துவிட்டு வந்தவரையும், பொய் எண் கொடுத்தவரையும் காப்பாற்றும் ஏற்பாடாக அது மாறிவிடக் கூடாது. அந்த மூத்த மோட்டார்மேனைப் போலத் தானே வந்து எழுதச் சொல்கிறவரை ஓட்டும் பணியிலிருந்து இறக்காமல் இருப்பது முதலில் நடக்கட்டும். அடுத்ததாக, விசாரணைப் படிவத்தில் ஒரு பக்கம் கூடட்டும்: இதே இடத்தைப் பற்றியோ இதே ரேக்கைப் பற்றியோ முன்பு யார் எழுதிக் கொடுத்தார்கள், அந்தக் காகிதம் எந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது, அந்த மேசையில் இருந்தவர் தன் கைப்பட என்ன பதில் எழுதுகிறார் என்று.