சாம்பல் எங்கே போகிறது?

பல்கலைக்கழகத்துக்குள் நடக்கும் ஆய்வரங்கு வேறு, தொழில் செய்கிறவர்கள் கூடும் மாநாடு வேறு. ஆய்வரங்கில் கேள்வி கேட்பவர் நம் புள்ளிவிவரத்தைப் பிடித்துக்கொள்வார்: மாதிரி எத்தனை, எந்தச் சோதனை, இடைவெளி ஏன் இப்படி. தொழில் மாநாட்டுக்குத் தோட்ட முகாமையாளர் வருவார், வெளிக்கள உத்தியோகத்தர் வருவார், உரக் கம்பனிக்காரர் வருவார், ஓய்வு பெற்றும் வீட்டில் இருக்க முடியாத பெரியவர்கள் வருவார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இதை என் மலையில் செய்தால் என்ன நடக்கும்? முதுமாணி ஆய்வில் பாதித் தூரம் வந்திருந்த எனக்கு இந்த வித்தியாசம் ஒரு வார இறுதியில் நுவரெலியாவில் நடந்த தேயிலை மாநாட்டில்தான் உறைத்தது.

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. பேராதனையில் மண்ணியல் படிக்கிறேன். கூட வந்தவர்களில் ஒருத்தி யாழ்ப்பாணம், ஒருவன் அக்கரைப்பற்று, இன்னொருவன் குருநாகல். அக்கரைப்பற்றுக்காரனுக்கு அங்கே சமர்ப்பிக்க ஒன்றுமே இல்லை. குளிரில் நிற்கவும் படம் எடுக்கவும் வருகிறேன் என்று ஒளிவு மறைவில்லாமல் சொன்னான். கடைசியில் மண்டபத்தில் அதிகம் பேரோடு பேசியவன் அவன்தான். மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் குறைவு, பகல் சாப்பாடும் தேநீரும் அதற்குள் அடக்கம். தங்குவதற்கு எங்கள் வீடு இருந்தது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் எங்களில் யாரும் நுவரெலியா ஹோட்டல் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டோம்.

வெள்ளிக்கிழமை பேராதனைச் சந்தியில் பொடி மெனிக்கேயைப் பிடித்தோம். மூன்றாம் வகுப்பு, நிற்க இடம் கிடைத்ததே பெரிது. மாநாட்டில் வைக்க வேண்டிய என் ஆய்வுப் போஸ்டரை மடிக்காமல் கொண்டுபோக எஸ்லோன் பைப்பை அறுத்து, இரண்டு பக்கமும் மூடி போட்டு எடுத்து வந்திருந்தேன். நாவலப்பிட்டியில் ஏறிய ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "எங்க மகள் தண்ணி லைன் போடப் போறீங்க?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்துத் தோழிக்கு ஹற்றன் வரைக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஹற்றனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் பெட்டி முழுக்க ஒரே கூச்சல். வளர்ந்த ஆண்கள்கூட அங்கே வந்தால் கத்தாமல் இருப்பதில்லை, ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. கோப்பியை இறக்க வேண்டும் என்ற அவசரத்தில் மலைநாட்டுக்குள் ஏறத் தொடங்கிய பாதை இது. கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது 1869இல். தண்டவாளம் 1885இல் நானுஓயாவைத் தொட்டபோது கோப்பி ஏறக்குறைய முடிந்துபோய், மலைகளெல்லாம் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்தன. என் ஆய்வும் அந்த மாற்றத்தின் வால்தான்.

ஆய்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேயிலையைச் சும்மா விட்டால் அது மரமாகிவிடும். மேட்டு நிலத் தோட்டங்களில் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். வேரில் மாப்பொருள் போதிய அளவு சேர்ந்திருக்கிறதா என்று ஒரு வேரை நறுக்கி அயடீன் விட்டுப் பார்ப்பதும் உண்டு. கருநீலமாக மாறினால் வெட்டலாம், இல்லாவிட்டால் செடி திரும்பித் துளிர்க்கத் திணறும். எங்கள் அப்பா கவ்வாத்துக்காரர். அவர் கத்தி இறங்கிய இடத்தைப் பார்த்தால் சீவிய பென்சில் போல இருக்கும். வெட்டு சரிவாக இருந்தால் மழைத் தண்ணீர் வடிந்துவிடும். சிதைந்தால் அந்த இடத்திலிருந்து கட்டை உளுக்கும். அப்படி வெட்டி விழும் கிளைகள்தான் மிலாறு. அதை மண்ணிலேயே விட்டால் இலையும் குச்சியும் மக்கி, காபனும் பொற்றாசியமும் திரும்ப மண்ணுக்குப் போகும். விட்டுவைக்கச் சொல்லித்தான் ஆராய்ச்சியாளர்களும் சொல்கிறார்கள். ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அடுப்பு எரிய வேண்டுமே. காய்ந்ததும் பெண்கள் கட்டுக் கட்டாகச் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்.

எனக்கு இது ஆய்வுத் தலைப்பாகத் தெரிந்ததே பிந்தித்தான். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். அந்த வருடம் முடிவதற்குள் தடையை எடுத்தும் விட்டார்கள், ஆனால் அதற்குள் தோட்டங்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். உரம் இல்லாத காலத்தில் எல்லாருக்கும் திடீரென்று மக்கும் பொருளின் மேல் அக்கறை வந்தது. அடுத்த வருடம் காஸ் தட்டுப்பாடு. அதுவரை சிலிண்டரில் சமைத்த ஸ்டாப் குவார்ட்டர்ஸ்காரர்களும் மிலாறு தேடி மலைக்கு வந்தார்கள். மண்ணுக்கு அது தேவைப்பட்ட நேரம் பார்த்து அடுப்புக்கும் தேவைப்பட்டது. அப்புறம் நான் வேறு தலைப்புத் தேடவில்லை. கவ்வாத்துக்குப் பிறகு மிலாறு கிடந்த இடங்களிலும் எடுத்துப்போன இடங்களிலும் மண் எடுத்து, அமில அளவைச் சொல்லும் பிஎச், காபன், பொற்றாசியம் பார்ப்பதுதான் வேலை. லயத்துக்குக் கிட்ட இருக்கும் மலைகளில் ஒரு கதை, எட்ட இருக்கும் மலைகளில் இன்னொரு கதை. சுமக்கிற தூரம் கூடக் கூட மண்ணில் மிஞ்சுவதும் கூடுகிறது. இதைத்தான் போஸ்டரில் வரைபடமாகப் போட்டிருந்தேன்.

வெள்ளி இரவு எங்கள் வீட்டில். இஸ்தோப்பில் நாலு ஜோடி சப்பாத்து, உள்ளே அடுப்பைச் சுற்றி எல்லாரும். யாழ்ப்பாணத்துக்காரி விறகு அடுக்கைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது என்ன விறகு? எங்கட பக்கம் பனம்மட்டைதான்" என்றாள். "மிலாறு புள்ள. மெல்லிசா இருக்கும், ஆனா நல்லா நின்னு எரியும்" என்று அம்மா ஒரு குச்சியை முறித்துக் காட்டினார். உடையும்போது சுள்ளென்ற சத்தம் வர வேண்டுமாம், வராவிட்டால் இன்னும் ஈரம். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடிய நீளத்தில் எல்லாவற்றையும் ஒரே அளவாக முறித்து, தடித்தது கீழேயும் மெல்லியது மேலேயுமாக அடுக்கி வைத்திருந்தார். ஆய்வுகூடத்தில் நான் மண் மாதிரி அடுக்கும் இலட்சணத்தை அவர் பார்த்தால் கட்டாயம் ஏசுவார்.

சனிக்கிழமை காலை லிந்துலை, நானுஓயா வழியாக பஸ்ஸில் நுவரெலியா. குத்துவிளக்கு, வரவேற்புரை, அதற்கு ஒரு நன்றியுரை, அதிதியின் உரை. இவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தேயிலைக்காரர்கள் கூடிய மாநாட்டில், சுற்றிவரத் தேயிலை மலையாக இருக்கும் ஊரில், சுடுதண்ணீரையும் டீ பேக்கையும் வைத்தார்கள் என்பதை மட்டும் பதிந்துவைக்கிறேன்.

முதல் அமர்வு கொழுந்து பறிக்கும் இயந்திரங்கள். ஆள் பற்றாக்குறை உண்மைதான், எங்கள் தோட்டத்திலேயே என் வயதுக்காரர்கள் பாதிப் பேர் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். ஆனால் ஒரு மணி நேரம் பேசியதில், இயந்திரத்தைச் சரிவில் தூக்கிக்கொண்டு நடக்கப் போகிறவரின் தோள் ஒரு படத்திலும் வரவில்லை. குருநாகல் நண்பன் எழுந்து அதன் எடை எவ்வளவு என்று கேட்டான். பதில் சொன்னவர் அதை எவ்வளவு நேரம் தொடர்ந்து தூக்க வேண்டும் என்பதைத் தொடவில்லை. பக்கத்து மேசை முகாமையாளர் ஒருவர் மெதுவாகக் கைதட்டினார், அவர் அதை வாங்கிப் பார்த்தவர் போலிருக்கிறது.

போஸ்டருக்கு ஒதுக்கியது தேநீர் இடைவேளை. கையில் கோப்பையோடு வருபவர்களின் கண்ணில் முதலில் தலைப்பு படும், பிறகு படம், பிறகு பிஸ்கட் தட்டு. பேச்சாளராக மேடையேறக் கிடைக்கவில்லையே என்ற குறை எனக்கு இருந்தது உண்மை. இப்போது யாராவது கேட்டால் போஸ்டரையே எடு என்பேன். மேடையில் பத்து நிமிடம் பேசினால் மூன்று கேள்வி, அதிலும் ஒன்று தன்னைப் பற்றிப் பேச வந்தவருடையது. போஸ்டருக்கு முன்னால் ஒருவர் நின்றுவிட்டால் தேநீர் ஆறும்வரை நிற்பார்.

அப்படி நின்றவர் ஓய்வு பெற்ற வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பொக்கெட்டில் இரண்டு பேனை. வரைபடத்தை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

"எந்தத் தோட்டம் மகள்?"

சொன்னேன்.

"மிலாறு எவ்வளவு வெளிய போச்சுன்னு கணக்குப் போட்டிருக்கீங்க. சரி. எரிச்ச பிறகு சாம்பல் எங்க போகுது?"

ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று சொல்வதற்கு ஒரு வாக்கியம் எல்லா மாணவர்களின் கையிலும் இருக்கும். என் வாயில் அது வரவில்லை, ஏனென்றால் அந்தச் சாம்பலை அள்ளிப் போட்டது நான்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அடுப்பைத் துடைத்து, சாம்பலை வாளியில் எடுத்து, லயத்துக்குப் பின்னால் பாத்தியில் தூவுவது என் வேலையாக இருந்தது. "வீட்டுப் பாத்திக்குத்தான் ஐயா. கொஞ்சம் பாத்திரம் கழுவ" என்றேன்.

"அப்ப மலையில இருந்த பொற்றாசியம் இப்ப லீக்ஸ் பாத்தியில இருக்குது" என்றார்.

யோசித்துப் பார்த்தால் விஷயம் பொற்றாசியத்தோடு முடியவில்லை. விறகுச் சாம்பலில் கல்சியமும் உண்டு, அது மண்ணின் அமிலத்தைக் குறைக்கும். தேயிலைக்கு அமில மண்தான் பிடிக்கும், பிஎச் 4.5இலிருந்து 5.5 வரை இருந்தால் நல்லது. யூரியா போடப் போட அது இன்னும் கீழே இறங்கும், அதனால்தான் கவ்வாத்துச் சமயத்தில் டொலமைற் போட்டு ஏற்றுகிறார்கள். அதாவது தோட்டம் காசு கொடுத்து டொலமைற் மூட்டையை மலைக்கு ஏற்றுகிறது. அதே மலையிலிருந்து கல்சியமும் பொற்றாசியமும் பெண்களின் தலைச்சுமையில் இறங்கி, அடுப்பு வழியாகப் போய், கரட்டும் லீக்ஸும் விளையும் பாத்தியில் சேருகிறது. இரண்டு கணக்கையும் ஒரே தாளில் யாராவது எழுதியிருப்பார்களா என்று அவரிடம் கேட்டேன். தன் காலத்தில் மிலாறு எடுக்கக் கூடாது என்று காவல் போட்ட துரைமார் இருந்தார்கள், காவல்காரன் வீட்டு அடுப்பும் மிலாற்றில்தான் எரிந்தது என்று சிரித்தார்.

அதற்குள் இரண்டு முகாமையாளர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருவருக்கு என் வரைபடத்தைக் கண்டதும் கோபம். குடும்பங்களுக்கு விறகு மரம் ஒதுக்கியிருக்கிறோம், ஆனாலும் மிலாற்றுக்குத்தான் வருகிறார்கள் என்றார். மற்றவர், அந்த விறகு மரங்கள் நிற்கும் இடம் எத்தனை மைல் தள்ளி இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். நான் வாயைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. நடுவில் அக்கரைப்பற்றுக்காரன், ஒன்றும் தெரியாதவன் போல, ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து காயவைக்க லொறி லொறியாக யூக்கலிப்டஸ் எரிக்கிறீர்களே, அந்தச் சாம்பலை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான். கோபப்பட்ட முகாமையாளர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பாதையில் உள்ள குழிகளுக்குக் கொட்டுகிறோம் என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவரும்தான். லயத்துச் சாம்பலாவது கிழங்கு விளைவிக்கிறது.

அந்தப் பெரியவர் போகும்போது என் நோட்டில் ஒரு பழைய தேயிலை மலைப் பகுதியின் இலக்கத்தை எழுதிக் கொடுத்தார். அங்கே பல காலமாக லயம் இல்லை, எவரும் மிலாறு எடுத்திருக்க மாட்டார்கள், ஒப்பிட்டுப் பார்க்க நல்லது என்றார். நூலகத்தில் தேடினால் இது கிடைத்திருக்காது.

ஞாயிறு காலை ஓர் அமர்வோடு எழுந்து ஹக்கலைப் பூங்காவுக்கு பஸ் ஏறினோம். சிங்கோனா வளர்க்க என்று 1861இல் தொடங்கிய இடம், இப்போது கல்யாணப் படம் எடுக்க இடம் தேடும் ஜோடிகள்தான் அதிகம். யாழ்ப்பாணத்துக்காரி அங்கேயும் புல்வெளி ஓரத்து மண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தாள், எங்கள் பாடத்தின் கெட்ட பழக்கம். மாலை ரயிலில் கூட்டம் சொல்லி மாளாது. கதவோரத்தில் எஸ்லோன் பைப்பை முட்டுக்கொடுத்து நின்றபடி, பாத்தி மண்ணை எப்படி எடுப்பது, எத்தனை வீட்டில் எடுப்பது, யாருடைய ஆய்வுகூடத்தில் பார்ப்பது என்று கம்பளை வரும்வரை பேசினோம்.

மேற்பார்வையாளரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அது ஆபத்தான அறிகுறி. புதிய அத்தியாயம் எழுத நேரம் இல்லை, ஆனால் சில வீட்டுப் பாத்திகளை மட்டும் பார்க்கலாம், பொற்றாசியமும் பிஎச்சும் போதும் என்றார். எனக்கு அதுவே அதிகம். அன்று இரவே வீட்டுக்கு அழைத்து, மண் எடுக்க வருகிறோம், முதலில் நம் பாத்தியில்தான் தொடங்குவேன் என்றேன். அப்பா, கருவி போட்ட குழியைத் திரும்ப மூடிவிட வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டார். பின்னால் இருந்து அம்மாவின் குரல் கேட்டது: "கெழங்கு எடுத்த பொறகு வரச் சொல்லுங்க. இப்ப தோண்டுனா எல்லாம் வெட்டுப்பட்டுப் போகும்."